எட்டு மணிக்குக் கப்பல், பத்து மணிக்குக் கரை

2025 ஏப்ரல் 30 அன்று கேமன் தீவுகளில் பொதுத் தேர்தல் நடந்தது. அதே நாளில் மக்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது: சொகுசுக் கப்பல்கள் நேராக வந்து அணைவதற்குத் துறை கட்டலாமா, வேண்டாமா? பெரும்பான்மையோர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பவளப்பாறைகள் பாழாகும், ஏற்கெனவே திணறும் ஊரில் நெரிசல் இன்னும் கூடும் என்பவை எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். ஆகவே தலைநகர் ஜார்ஜ் டவுனுக்கு வரும் கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்பது தொடர்கிறது. பயணிகள் படகு மாறித்தான் கரையேறுகிறார்கள்.

ஒரு தீவின் வாக்குச்சீட்டு வரை போன இந்த விஷயம், கப்பல் பயணிகளில் ஒரு பிரிவினருக்கு அன்றாடக் கவலை. கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாவை வாங்காமல், உள்ளூர்க்காரர் ஒருவரிடம் தாமே வண்டியோ படகோ பேசி வைத்துக்கொள்பவர்கள் அவர்கள். நிறுவனத்தின் சுற்றுலாவைவிட அது பெரும்பாலும் மலிவு. நாற்பது பேர் பேருந்தில் இடிபட வேண்டாம். பிடித்த இடத்தில் கூடுதலாக அரை மணி நிற்கலாம். இடைஞ்சல் ஒன்றுதான். பயண அட்டவணையில் ‘8.00 – 17.00’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எட்டேகாலுக்கு வண்டியை வரச் சொல்லியிருப்பார்கள். எட்டேகாலுக்குக் கப்பலின் கதவே திறந்திருக்காது.

அட்டவணையில் உள்ள எட்டு மணிக்கும் பயணியின் கால் கரையில் படும் நேரத்துக்கும் இடையே பல கட்டங்கள் இருக்கின்றன. சில கட்டங்களைக் கடல் தீர்மானிக்கிறது, சிலவற்றை அரசாங்கம். மீதியைக் கப்பல் நிறுவனத்தின் வியாபாரக் கணக்கு தீர்மானிக்கிறது. தனியாகப் போகிறவர் இந்த மூன்றாவது கணக்கில் கடைசி வரிசையில் நிற்கிறார் என்பதுதான் விஷயத்தின் சாரம். அந்த வரிசையின் விதிகள் ரகசியமல்ல; தெரிந்துகொண்டால் திட்டத்தை அதற்கேற்ப அமைக்கலாம்.

கயிறு கட்டிய பிறகும்

துறையில் நேராக அணையும் கப்பலை எடுத்துக்கொண்டால் வேலை எளிது. உள்ளூர் பைலட் ஏறி வழிகாட்ட, கப்பல் மெல்ல ஒதுங்கும். கயிறுகளைக் கட்டிய பிறகு கேங்வே எனப்படும் இறங்குபாதையை நீட்டுவார்கள். அதன் பிறகும் யாரும் இறங்க முடியாது. துறைமுக அதிகாரிகள் சுகாதாரம், சுங்கம், குடியேற்றம் ஆகியவற்றுக்கான தாள்களைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். கொள்ளைநோய்க் காலங்களில் பிறந்த வழக்கம் இது. ‘கப்பலில் நோயில்லை, உள்ளே வர அனுமதி வேண்டும்’ என்று கேட்கும் மஞ்சள் கொடி பன்னாட்டுக் கொடிக் குறியீட்டில் இன்றும் இருக்கிறது. தாள்கள் பெரும்பாலும் முன்கூட்டியே மின்னஞ்சலில் போய்விடுவதால் பல துறைமுகங்களில் இது சடங்காகச் சில நிமிடங்களில் முடியும். சில இடங்களில் அரை மணியோ ஒரு மணியோ இழுக்கும்.

ஒப்புதலே கிடைக்காமல் போவதும் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பி விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரி வந்த கார்டிலியா கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்று கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. புதுச்சேரி வரை வந்த பயணிகள் ஊரில் கால் வைக்காமலே சென்னை திரும்பினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், அந்தக் கப்பல் புதுச்சேரிக்கு வெளியே கடலில் நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

ஆளுக்கு ஆள் வேறுபடும் தடையும் இருக்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பால்டிக் பயணங்களின் முக்கிய ஊராக இருந்த காலத்தில், கப்பலில் வந்தவர்கள் 72 மணி நேரம் வரை விசா இல்லாமல் இறங்கலாம் என்ற சலுகை இருந்தது. ஆனால் அங்கீகாரம் பெற்ற சுற்றுலா நிறுவனத்தின் சீட்டு கையில் இருந்தால்தான் அது செல்லும். தானே ஊர் சுற்ற நினைத்தவர் முழு விசா எடுத்தாக வேண்டும். கப்பலில் பக்கத்து அறைக்காரருக்குத் தேவைப்படாத விசா, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குத் தேவைப்படுவது பல துறைமுகங்களில் இன்றும் நடப்பதுதான். கரையில் வண்டிக்கு முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது இது.

படகு வரிசை

உண்மையான தாமதம் நங்கூரம் பாய்ச்சும் ஊர்களில்தான். கப்பல் நிற்க ஆழமில்லாத கரைக்குப் படகு மாறி வருவது சென்னைக்குப் பழகிய கதை. 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வரும்வரை, ஆளுநர் முதல் சிப்பாய் வரை எல்லோரும் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டித்தான் இறங்கினார்கள். இன்று டெண்டர் என்று அழைக்கப்படும் படகுகள் அந்த வேலையைச் செய்கின்றன. பெரும்பாலும் கப்பலின் உயிர்காப்புப் படகுகளிலேயே சிலவற்றை இறக்கி ஓட்டுவார்கள். சில ஊர்களில் உள்ளூர்ப் படகுகளையே பயன்படுத்த வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கப்பலில் 3,000 பேர். படகு ஒன்றுக்கு 100 பேர், மொத்தம் நான்கு படகுகள். ஏற்றி, கரைக்குப் போய், இறக்கி, திரும்பி வர 40 நிமிடம். மணிக்கு 600 பேர் கரை சேர்வார்கள். எல்லோரும் இறங்கி முடிக்க ஐந்து மணி நேரம். கப்பலின் சொந்தச் சுற்றுலாவுக்கு 1,200 பேர் சீட்டு வாங்கியிருந்தால் முதல் இரண்டு மணி நேரப் படகுகள் அவர்களுக்கே போய்விடும். எட்டு மணிக்கு நங்கூரமிட்ட கப்பலிலிருந்து தனியாகப் போகிறவருக்குப் பத்து மணிக்கு முறை வரும்.

எல்லா நிறுவனங்களிலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கப்பலின் சுற்றுலாக்காரர்கள். அடுத்து, விலையுயர்ந்த ஸ்வீட் அறைகளில் தங்கியிருப்பவர்களும் பலமுறை பயணம் செய்து உயர்ந்த தகுதி பெற்ற வாடிக்கையாளர்களும். அதன் பிறகே எண் போட்ட டெண்டர் சீட்டு வைத்திருக்கும் பொதுப் பயணிகள். முன்னுரிமையை விலைக்கு விற்பதும் உண்டு. கார்னிவலின் ‘ஃபாஸ்டர் டு த ஃபன்’, ராயல் கரீபியனின் ‘த கீ’ ஆகிய கட்டணச் சலுகைகளில் சீக்கிரம் இறங்கும் உரிமையும் ஒரு பகுதி. காலைக் கூட்டம் வடிந்ததும் சீட்டு முறையை எடுத்துவிட்டு, வருகிறவர் வருகிறபடி ஏறலாம் என்று அறிவிப்பார்கள். அவசரமில்லாதவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். ஒன்பது மணிக்கு வண்டிக்காரர் காத்திருக்கிறார் என்றால் பலனில்லை.

சீட்டு கொடுக்கும் லவுஞ்சுக்கு விடியற்காலையிலேயே போய் நிற்பவர்கள் இதனால்தான். குடும்பம் முழுக்க நேரில் வந்தால்தான் சீட்டு என்பது பல கப்பல்களில் விதி; ஒருவரை அனுப்பி ஏழு பேருக்கு வாங்கிக்கொள்ள முடியாது. காலைச் சாப்பாட்டை முன்னதாக முடித்துக்கொண்டு, பையும் தொப்பியுமாகத் தயாராகப் போகிறவர்களுக்கு முதல் எண்கள் கிடைக்கும்.

இந்த நெருக்கடியைக் குறைக்கப் பொறியாளர்கள் செய்த முயற்சிகளும் உண்டு. 2018இல் வந்த செலிப்ரிட்டி எட்ஜ் கப்பலின் பக்கவாட்டில் ‘மேஜிக் கார்ப்பெட்’ என்ற பெரிய மேடை தொங்குகிறது. மேல்தளத்தில் உணவகமாக இருக்கும் அந்த மேடை, டெண்டர் நாளில் கடல்மட்டத்துக்கு அருகே இறங்கி, படகேறும் இடமாக மாறும். நார்வேயின் கெய்ராங்கர் ஊரில் கரையிலிருந்து கப்பல்வரை நீளும் மிதவைப் பாலம் இருக்கிறது. பயணிகள் அதில் நடந்தே ஊருக்குள் போகிறார்கள்.

கடல் சீறினால் எந்த மேடையும் உதவாது. அலையேற்றத்தில் கப்பலும் படகும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும்போது முதியவர்களைக் கைபிடித்து மாற்றுவது ஆபத்து. அப்போது கேப்டன் அந்த ஊரையே கைவிட்டுவிடுவார். ஃபாக்லாந்தின் ஸ்டான்லியும் ஆங்கிலக் கால்வாயிலுள்ள கேர்ன்சி தீவும் இப்படிக் காற்றால் அடிக்கடி தவறிப்போகும் ஊர்கள். கப்பலின் சுற்றுலா வாங்கியவருக்குப் பணம் தானாகத் திரும்பிவிடும். தனியாக ஏற்பாடு செய்தவர், ‘கப்பல் வராவிட்டால் கட்டணமில்லை’ என்று எழுத்தில் உறுதி தரும் உள்ளூர்க்காரரைப் பிடித்திருந்தால்தான் பிழைத்தார். கப்பல் பயணிகளை நம்பித் தொழில் நடத்தும் பலர் அப்படி உறுதி தருகிறார்கள். முன்பதிவின்போது கப்பலின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அது வரும் நேரத்தைத் தாங்களே கவனித்து வண்டியை நகர்த்துபவர்களும் இருக்கிறார்கள்.

கரை வந்தும் ஊர் வரவில்லை

கிரேக்கத்தின் சாண்டோரினியில் படகை விட்டு இறங்கிய பிறகுதான் அடுத்த வரிசை ஆரம்பம். எரிமலை வாயில் கடல் புகுந்து உண்டான பள்ளத்தில் கப்பல்கள் நிற்கின்றன. ஃபிரா ஊரோ செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது. பழைய துறையிலிருந்து மேலே போக மூன்று வழிகள்: கேபிள் கார், ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், அதே படிகளில் ஏறும் கழுதைகள். கப்பலின் சுற்றுலாக்காரர்களைப் பேருந்துப் பாதை உள்ள அதினியோஸ் துறைக்குத் தனியாகக் கொண்டுபோய்விடுவதால் இந்தச் சிக்கல் அவர்களுக்கு ஏறும்போது இல்லை. தனியாகப் போகிறவர், அன்று வந்திருக்கும் மற்றக் கப்பல்களின் கூட்டத்தோடு சேர்ந்து கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். மாலையில் அதே வரிசை மேலே உருவாகும். அங்கே ஒரு மணி நேரம் போனால் வியப்பில்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

துறைமுகத்தின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றல்ல என்பது இன்னொரு பொறி. விளம்பரத்தில் ‘ரோம்’ என்றிருப்பது சிவிட்டாவெக்கியா. ரோமுக்கு அங்கிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர். ‘ஃபிளாரன்ஸ்’ என்பது லிவோர்னோ. ‘பாரிஸ்’ என்பது 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள லு ஆவ்ர். ‘பெர்லின்’ என்பது மூன்று மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் வார்னமுண்டே. ‘பாங்காக்’ என்பது ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லேம் சபாங். 2021 ஆகஸ்டில் பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜூடெக்கா கால்வாயில் நுழையத் தடை வந்த பிறகு, ‘வெனிஸ்’ பயணங்கள் சில ராவென்னாவிலும் ட்ரியெஸ்டேயிலும் போய் நிற்கின்றன.

ரோமையே எடுத்துக்கொள்வோம். கப்பல் காலை ஏழுக்கு வந்து மாலை ஏழுக்குக் கிளம்புகிறது என்றால் பன்னிரண்டு மணி நேரம் கையில் இருப்பதுபோல் தோன்றும். ஏழேமுக்காலுக்கு இறங்கி, துறைமுகப் பேருந்தில் போய், எட்டரைக்கு ரயில் ஏறினால் ஒன்பதரைக்கு வத்திக்கான் பக்கத்திலுள்ள சான் பியெட்ரோ நிலையம். ஆறரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். ரயில் தாமதத்துக்கு இடம் விட்டு ஐந்து மணிக்குத் துறைமுகம் திரும்ப நினைப்பவர் மூன்றரைக்கு ரோமைவிட்டுக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டில் மிஞ்சியது ஆறு.

இதற்கு நேர்மாறான ஊர்களும் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பினாங்கில் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறை, அங்குள்ள ஜார்ஜ் டவுனின் பழைய நகரத்தை ஒட்டியே இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கும், 1833இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம். அங்கே தனியாகச் சுற்றுவதற்கு முன்பதிவுகூடத் தேவையில்லை. அதே பயணத்தில் போர்ட் கிள்ளானில் இறங்கிக் கோலாலம்பூர் போகிறவருக்கு ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம். பத்துமலை வரை போக வேண்டுமென்றால் இன்னும் கூடும்.

யாருடைய கடிகாரம்

சிங்கப்பூர்–புக்கெட் பயணத்தில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளலாம், சிங்கப்பூர் நேரத்திலேயே நிற்கவும் செய்யலாம். அது கேப்டனின் முடிவு. மாற்றாவிட்டால், ‘மாலை ஐந்துக்குள் வாருங்கள்’ என்று கப்பல் சொல்வது கரையில் நான்கு மணி. கரையிறங்கியதும் உள்ளூர் அலைவரிசையைப் பிடித்துத் தானே நேரம் மாறிவிடும் கைப்பேசி, அப்போது பயணிக்கு ஒரு மணி நேரம் மிச்சமிருப்பதாகக் காட்டும்.

கரீபியப் பயணங்களில் கொசுமெல் தீவு இதற்குப் பேர்போனது. அத்தீவு அடங்கிய மெக்சிகோவின் கின்டானா ரூ மாநிலம் 2015இல் நேர மண்டலம் மாறியது; கோடைக்கால நேர மாற்றத்தையும் அப்போதே கைவிட்டது. ஆகவே குளிர்காலத்தில் மியாமி நேரமும் கொசுமெல் நேரமும் ஒன்று. கோடையில் ஒரு மணி வேறுபாடு. போன டிசம்பரில் போய்வந்த உறவினர் சொன்னது ஜூலையில் பொருந்தாது. முன்பதிவு செய்யும்போது உள்ளூர்க்காரர் சொல்லும் ஒன்பது மணி எந்த ஒன்பது என்று கேட்டுக்கொள்வதும், இறங்கும் கதவருகே உள்ள கடிகாரத்துக்குக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதும் பழகியவர்களின் வழக்கம்.

திரும்பும் வழி

இறங்கத் தாமதமாவதன் விலையைப் பயணி மாலையில்தான் கொடுக்கிறார். காலையில் போன ஒரு மணி நேரத்தை மாலையில் ஈடுகட்டப் பார்ப்பதுதான் ஆபத்து. கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு நிறுவனமே கொண்டுசேர்க்கும். தனி வண்டியில் போனவருக்கு அந்த உறுதி இல்லை. பைலட், இழுவைப் படகு, அடுத்த ஊரின் துறை எல்லாம் நேரம் குறித்து வைத்திருப்பவை. தாமதத்தை வேகத்தால் சரிக்கட்டினால் எரிபொருள் செலவு வேகத்தைவிடப் பல மடங்கு கூடும்.

2024 மார்ச் 27 அன்று ஆப்பிரிக்கத் தீவான சாவோ டோமேயில் நடந்தது உலகச் செய்தியானது. நார்வீஜியன் டான் கப்பலிலிருந்து தனிச் சுற்றுலா போன எட்டுப் பேர், மதியம் மூன்று மணிக் கெடுவைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்தார்கள். கப்பல் இன்னும் நங்கூரத்தில்தான் நின்றது. டெண்டர் படகுகள் நின்றுவிட்டன. உள்ளூர்க் கடலோரக் காவல் படை அவர்களைக் கப்பலருகே வரை கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடவுச்சீட்டுகள் துறைமுக முகவரிடம் ஒப்படைக்கப்பட்டன. கப்பலைப் பிடிக்க அவர்கள் பல நாடுகள் மாறிக் காம்பியாவுக்குப் போனார்கள். நீர்மட்டம் போதாமல் கப்பல் அங்கே வரவில்லை. கடைசியில் ஏப்ரல் 2 அன்று செனெகலின் டக்காரில் கப்பலேறினார்கள்.

அமெரிக்கக் கடற்கரையில் தவறவிட்டால் சட்டமும் குறுக்கே வரும். 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சேவைச் சட்டப்படி, அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. சியாட்டிலில் ஏறி, அலாஸ்காவின் ஜூனோவில் கப்பலைத் தவறவிட்டு அப்படியே வீடு திரும்புகிறவருக்காக அபராதம் விதிக்கப்படலாம். நிறுவனம் அதைப் பயணியின் கணக்கில் எழுதிவிடலாம்.

கப்பலின் ஏற்பாடு என்றால் முழுப் பாதுகாப்பு என்பதும் சரியல்ல. 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், கப்பல் நடத்திய மலையேற்றத்தில் இருந்து ஓய்வெடுக்க விலகிய மூத்த பெண் பயணி ஒருவரை விட்டுவிட்டுக் கோரல் அட்வெஞ்சரர் கப்பல் கிளம்பிவிட்டது. ஆள் குறைவது தெரிந்து திரும்பி வந்து தேடியபோது அவர் உயிரோடு இல்லை. தலை எண்ணும் முறை ஒழுங்காக நடந்தால்தான் ‘கப்பல் காத்திருக்கும்’ என்ற வாக்குக்கு மதிப்பு.

ஊர்கள் போடும் கணக்கு

இறங்கும் உரிமையை இப்போது ஊர்களே அளந்து கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஊர் மக்கள் 2022இல் வாக்களித்து, கப்பல்களிலிருந்து நாளொன்றுக்கு 1,000 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு வைத்தது கப்பலுக்கு அல்ல, கரையில் படும் கால்களுக்கு. சாண்டோரினி நாளுக்கு 8,000 பயணிகள் என்று அளவு வைத்திருக்கிறது. 2025 ஜூலை முதல் அங்கும் மைக்கோனோஸிலும் உச்சப் பருவத்தில் இறங்குபவருக்கு 20 யூரோ வரி. டுப்ரோவ்னிக் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஜூனோவில் 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான். பிரான்சின் கான் நகரம் 2026 முதல் ஆயிரம் பேருக்கு மேற்பட்ட கப்பல்களைத் துறைக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தது. இவற்றில் கூட்டம் குறைவதால் தனியாகப் போகிறவருக்கு ஆதாயமும் உண்டு. கேபிள் காருக்கும் வண்டிக்கும் வரிசை சுருங்கும்.

நிறுவனங்கள் எதிர்த்திசையில் நகர்கின்றன. ராயல் கரீபியன் தன் பஹாமாஸ் தீவான கோகோகேயில் கப்பல் அணையும் துறையைத் திறந்தது. கார்னிவல் 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமாவில் செலிப்ரேஷன் கீ என்ற சொந்தத் துறையைத் திறந்தது. படகு மாற வேண்டாம், சீட்டு வாங்க வேண்டாம். பல்லாயிரம் பேர் சில நிமிட நடையில் மணலுக்கு வந்துவிடலாம். அங்கே விற்கப்படும் நீச்சல் குளமும் நாற்காலியும் படகுச் சவாரியும் நிறுவனம் வைத்ததே அல்லது அது அனுமதித்ததே. தானாக வண்டி பேசிப் போகிறவருக்குக் கோகோகேயில் போக ஊரே இல்லை.

ஆகவே இந்தத் தேர்வு கப்பலேறிய பிறகு செய்வதல்ல, பயணம் வாங்கும்போதே செய்ய வேண்டியது. அட்டவணையில் ‘டெண்டர்’ அல்லது ‘நங்கூரம்’ என்ற சிறு குறி எந்த ஊருக்கு இருக்கிறது, அன்று அங்கே வேறு எத்தனை கப்பல்கள், கரையிலிருந்து பார்க்க வேண்டிய இடம் எவ்வளவு தூரம் என்ற மூன்றும் முன்னரே தெரிந்துகொள்ளக் கூடியவை. பினாங்கு போன்ற நடைதூர ஊர்களில் கப்பலின் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கக் காரணம் குறைவு. டெண்டர் ஊரில் தனி வண்டி பேசுகிறவர், அட்டவணை நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வரச் சொல்வதும், கெடுவுக்கு ஒன்றரை மணி முன்னதாகத் துறைக்குத் திரும்புவதும் நியாயமான கணக்கு. அதைக் கழித்த பிறகு மிஞ்சும் நேரத்துக்கு அந்தச் சுற்றுலா அடங்காவிட்டால், அல்லது லு ஆவ்ரிலிருந்து பாரிஸ், வார்னமுண்டேயிலிருந்து பெர்லின் போன்ற நெடுந்தூரமாக இருந்தால், கூடுதல் பணம் கொடுத்தாவது கப்பலின் பேருந்தில் போவதே மேல். அந்தக் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி, பார்க்கும் இடத்துக்கானது அல்ல. காலையில் முதல் படகுக்கும் மாலையில் காத்திருக்கும் கப்பலுக்கும் ஆனது.